சம்மர் லீவில் படிப்பு மறந்துபோகுமா? கேம்ப் செலவில்லாமல் வீட்டிலேயே கற்க 6 ஜாலி வழிகள் – ஓர் அலசல்

காலை 11 மணி. ஃபேன் சுற்றுகிறது. சோபாவில் குப்புறப் படுத்தபடி நாலாம் வகுப்புப் பையன் ஷார்ட்ஸை ஸ்க்ரோல் செய்துகொண்டிருக்கிறான். பக்கத்து அறையில் அம்மாவுக்கு ஆபீஸ் மீட்டிங். அப்பா காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டார். பாட்டி இரண்டு தடவை "போனை வைடா கண்ணு" என்று சொல்லிப் பார்த்துவிட்டு சீரியல் பக்கம் திரும்பிவிட்டார். மதியம் மீட்டிங் முடிந்து வரும் அம்மாவுக்கு முதலில் வருவது கோபம், அடுத்து வருவது குற்ற உணர்ச்சி. அன்று இரவே வாட்ஸ்அப் குரூப்பில் வந்த சம்மர் கேம்ப் போஸ்டரை ஓப்பன் செய்து, ஃபீஸைப் பார்த்துவிட்டு, மூடிவிடுகிறார்.

ஏப்ரல், மே வந்தால் தமிழ்நாட்டின் பல வீடுகளில் நடக்கும் காட்சி இதுதான். இந்த லீவு சில வருடங்களில் நீண்டும் போயிருக்கிறது. 2023-ல் ஜூன் 1-ம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகள், வெயில் காரணமாக ஜூன் 7-க்குத் தள்ளிப்போய், பிறகு ஜூன் 12-க்குப் போயின. தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14. 2024-லும் ஜூன் 6 என்று இருந்தது ஜூன் 10 ஆனது.

இந்த லீவில் குழந்தைகள் படித்ததை மறந்துவிடுகிறார்களா? கேம்ப்புக்கு அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களா? வீட்டிலேயே உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'சம்மர் ஸ்லைடு' என்றால் என்ன?

நீண்ட விடுமுறையில் படிப்பு சறுக்குவதைக் கல்வி ஆய்வாளர்கள் 'சம்மர் ஸ்லைடு' என்கிறார்கள். இதில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு. கோடை விடுமுறைக்குப் பிறகு மாணவர்களின் மதிப்பெண் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குக் குறைகிறது என்பதும், வாசிப்பைவிடக் கணக்கில்தான் சறுக்கல் அதிகம் என்பதும் அதன் முடிவுகள். காரணம் எளிது. லீவில் கதை கேட்கிறோம், போஸ்டர் படிக்கிறோம், மெசேஜ் டைப் செய்கிறோம். வகுத்தல் கணக்கை யாரும் தானாகப் போட்டுப் பார்ப்பதில்லை.

பால்டிமோர் நகரில் 1982-ல் தொடங்கி ஒரே மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு, ஒரு குழாய் உதாரணம் சொன்னது. பள்ளி நடக்கும்போது குழாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. லீவு விட்டதும் மூடப்படுகிறது. வசதியான வீடுகளில் மட்டும் வேறு குழாய்கள் திறந்திருக்கின்றன. ஆக, ஏழை-வசதி இடைவெளி லீவில்தான் வளர்கிறது என்றது அந்த ஆய்வு.

அப்படியே நம்பிவிடலாமா? அவசரம் வேண்டாம். 2019-ல் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் இதே கேள்வியை மறுபடி கிளறினார். பழைய ஆய்வுகளில் லீவுக்கு முன்பு ஒரு தேர்வுத்தாள், லீவுக்குப் பின்பு வேறு தேர்வுத்தாள் என்று வைத்து அளந்ததில் கோளாறு இருக்கலாம் என்றும், புதிய முறைத் தேர்வுகளில் அந்த இடைவெளி அவ்வளவு பெரிதாக வளர்வது தெரியவில்லை என்றும் அவர் எழுதினார். ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. லீவில் கற்றல் வேகம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது.

இவை எல்லாமே அமெரிக்கக் கணக்குகள் என்பதையும் மறக்கக் கூடாது. பெற்றோருக்கு இதில் உள்ள பாடம் இவ்வளவுதான்: பயந்துபோய் கேம்ப்பில் சேர்க்கும் அளவுக்கு ஆபத்து எதுவும் இல்லை, இரண்டு மாதத்தை அப்படியே விட்டுவிடும் அளவுக்குச் சின்ன விஷயமும் இல்லை.

காசு செலவழித்தால்தான் கற்பார்களா?

இங்குதான் சுவாரஸ்யமான முடிவுகள் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கோடைக்கும் 12 புத்தகங்கள், அவர்களே தேர்ந்தெடுத்தவை, தொடர்ந்து மூன்று வருடங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். பாடம் நடத்தவில்லை, டெஸ்ட் வைக்கவில்லை. புத்தகம் கிடைத்த பிள்ளைகளின் வாசிப்பு, கிடைக்காதவர்களைவிட மேம்பட்டிருந்தது. 2010-ல் வெளியான ஆய்வு இது. 'அவர்களே தேர்ந்தெடுத்தவை' என்பது இதில் முக்கியம்.

கணக்குக்கும் ஒரு ஆய்வு உண்டு. சிகாகோ பகுதியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு, பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து படிக்கும் சின்னச் சின்னக் கணக்குக் கதைகள் கொண்ட ஆப் கொடுக்கப்பட்டது. வாரத்தில் சில நாள், ஒரு சில நிமிடம். ஆண்டு இறுதியில் அதிகப் பலன் பெற்றது யார் தெரியுமா? 'எனக்கே மேத்ஸ்னா பயம்' என்று சொல்லும் பெற்றோரின் பிள்ளைகள். 2015-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு இது. வீட்டில் கணக்கைப் பற்றி இயல்பாகப் பேச ஆரம்பித்ததே மாற்றத்துக்குக் காரணம் என்கிறார்கள்.

வீட்டுக் கணக்கு, பள்ளிக் கணக்கு: பாலம் எங்கே?

'கடைக்கு அனுப்பினால் கணக்கு வந்துவிடும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழுவின் ஆய்வு 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவர்களைச் சோதித்தார்கள். எடை, விலை, மீதிச் சில்லறை என எல்லாவற்றையும் மனக்கணக்கில் சரியாகச் சொன்ன அதே சிறுவர்கள், பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்த எளிய கணக்கில் தடுமாறினார்கள். சந்தையில் வேலை பார்க்காத பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர் எதிர். தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

வீட்டில் செய்யும் எந்த விளையாட்டுக்கும் இது முக்கியமான குறிப்பு. செய்வது மட்டும் போதாது. செய்ததை ஒரு நோட்டில் எழுத வேண்டும், 'ஏன் இப்படி ஆச்சு?' என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். கைக்கும் நோட்டுக்கும் நடுவிலான பாலம் அதுதான். அதற்காகத்தான் கீழே உள்ள ஆறிலும் கடைசியில் ஒரு 'நோட்டு வேலை' இருக்கிறது.

1. மாவு டம்ளர்: கிச்சனில் ஒரு லேப்

அரைத்த இட்லி மாவை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு ஊற்றுங்கள். மாவு நிற்கும் இடத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். ஒன்றை வெளியில் வையுங்கள், ஒன்றை ஃபிரிட்ஜில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஸ்கேலில் அளக்க வேண்டும். உளுந்திலும் அரிசியிலும் உள்ள பாக்டீரியாக்கள் மாவைப் புளிக்க வைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வாயு உருவாகிறது. அதுதான் மாவைப் பொங்க வைக்கிறது. ஃபிரிட்ஜ் குளிரில் அவற்றின் வேலை மந்தமாகிவிடும்.

நோட்டு வேலை: நேரத்துக்கும் உயரத்துக்கும் ஒரு கிராஃப். கூடவே ஒரு விகிதக் கணக்கு: 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து என்றால், 6 டம்ளர் அரிசிக்கு எவ்வளவு?

2. மஞ்சள் மேஜிக்: ஆரத்தி ஏன் சிவப்பு?

சட்டையில் பட்ட சாம்பார் கறை, சோப்பு போட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் ஒரு இயற்கை நிறங்காட்டி. காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதும் இதே வேதியியல்தான்.

மஞ்சள் தண்ணீரில் வெள்ளைக் காகிதத்தை நனைத்துக் காயவைத்து, துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், சோப்புத் தண்ணீர், ஷாம்பு, சாதாரணத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறும் நல்ல நிறங்காட்டி. அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சைப் பக்கம் போகும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அதைப் பெரியவர்கள் மட்டும் கையாள வேண்டும். பாத்ரூம் ஆசிட் பக்கம் போகவே கூடாது.

நோட்டு வேலை: சோதிக்கும் முன்பே 'இது சிவக்குமா, சிவக்காதா?' என்று யூகத்தை எழுத வேண்டும். எத்தனை யூகம் சரி என்று கடைசியில் டிக் போட வேண்டும்.

3. நிழல் துரத்தல்: 12 மணிக்குச் சூரியன் உச்சியிலா?

தமிழ்நாட்டில் வருடத்துக்கு இரண்டு நாள், நண்பகலில் நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு நிழலே தெரியாது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தொடங்கி, வடக்கே நகர்ந்து, ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னைக்கு வருகிறது இந்த 'நிழலில்லா நாள்'. ஆகஸ்ட்டில் மறுபடி சென்னை வழியாகத் தெற்கே திரும்புகிறது.

தவறவிட்டவர்களுக்கும் வேலை இருக்கிறது. நேராக நிற்கும் ஒரு குச்சி, சாக்பீஸ், ஸ்கேல் போதும். 11.45-லிருந்து 12.30 வரை, 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாடியிலோ பால்கனியிலோ நிழலின் நுனியைக் குறித்துவிட்டு உடனே உள்ளே வந்துவிடலாம். தொப்பி கட்டாயம். நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் அந்த ஊரின் உண்மையான நண்பகல். அது சரியாக 12 மணியாக இருக்காது. மே 20 வாக்கில் சென்னையில் சுமார் 12.05, கோவையில் சுமார் 12.18. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதும், கோவை அதற்கு அதிக மேற்கே இருப்பதும்தான் காரணம். இன்னொரு ஆச்சரியம்: அந்த நாட்களில் சென்னையில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஒரு மீட்டர் குச்சிக்கு சுமார் 12 செ.மீ.

நோட்டு வேலை: வேறு ஊரில் இருக்கும் சித்தி பையனையோ மாமா பொண்ணையோ அதே நாளில் அளக்கச் சொல்லி, வீடியோ காலில் ஒப்பிடலாம்.

4. தாயக்கட்டை: பாட்டி சொல்லித்தரும் நிகழ்தகவு

தாயக்கட்டை இரண்டையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு முகம். இரண்டையும் உருட்டினால் மொத்தம் 16 வாய்ப்புகள். 'தாயம்' விழ ஒன்றில் 1-ம் இன்னொன்றில் 0-ம் வர வேண்டும். அப்படி இரண்டு வழிகள்தான். அதாவது எட்டில் ஒரு பங்கு. பன்னிரண்டுக்கு இரண்டிலும் 0 விழ வேண்டும். 16-ல் ஒரே ஒரு வாய்ப்பு.

80 தடவை உருட்டினால் தாயம் சுமார் 10 முறையும், பன்னிரண்டு சுமார் 5 முறையும் விழ வேண்டும். விழுகிறதா? கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஏன் என்று யோசிப்பதுதான் விளையாட்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி போதும். எண்ணுவது, பகிர்வது, அடுத்த குழியை முன்கூட்டியே யோசிப்பது எல்லாம் அதில் இருக்கிறது.

நோட்டு வேலை: 16 வாய்ப்புகளையும் கட்டம் போட்டு எழுத வேண்டும். அதிகம் விழும் எண் எது? கட்டம் போட்டால் 3 என்று தெரிந்துவிடும். 16-ல் 4 வழிகள்.

5. ஈபி டிடெக்டிவ்: மீட்டர் பார்க்கலாம் வாங்க

தினமும் ஒரே நேரத்தில் மின் மீட்டர் ரீடிங்கைக் குறிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். மீட்டரைத் தொட வேண்டாம், படித்தால் போதும். ஒரு யூனிட் என்றால் 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடுவது. 75 வாட் சீலிங் ஃபேன் இரவு 10 மணி நேரம் ஓடினால் 0.75 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 0.3 யூனிட். ஒரு இரவுக்கு 0.45 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 27 யூனிட்!

நோட்டு வேலை: ஏசி ஓடிய நாள், ஓடாத நாள் எனப் பிரித்து ஒரு வாரக் கணக்கு. பத்து சதவீதம் குறைக்க ஐடியா சொல்லச் சொல்லுங்கள். அந்த ஐடியாவை வீடு முழுக்கக் கடைப்பிடித்தால்தான் மரியாதை. 'ஹாலில் யாருமே இல்ல, ஏன் ஃபேன் ஓடுது?' என்று பிள்ளை கேட்டால் கோபப்படக் கூடாது.

6. பாட்டி பாட்காஸ்ட்: போனுக்கும் ஒரு நல்ல வேலை

போனைப் பிடுங்குவதைவிட அதற்கு ஒரு வேலை கொடுப்பது சுலபம். 'ஏசர் 2024' கிராமப்புற ஆய்வின்படி, 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிகிறது. அப்படித் தெரிந்தவர்களில், முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சோஷியல் மீடியாவுக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம்.

வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து தாத்தா, பாட்டியைப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை சினிமா பார்த்தது எங்கே? அப்போது டிக்கெட் எவ்வளவு? 2004 சுனாமி அன்று எங்கே இருந்தீர்கள்? வீட்டுக்கு கரண்ட் வந்தது எப்போது? ஊரில் கிணறு எத்தனை இருந்தது? பெரியவர்களும் சீரியலை மறந்துவிடுவார்கள்.

நோட்டு வேலை: கேட்டதில் ஐந்து நிமிடத்தைத் தமிழில் எழுதுவது. பேசுவதை எழுத்தாக்கும்போதுதான் ர, ற, ல, ள, ழ சந்தேகங்கள் எல்லாம் வெளியே வரும். பாட்டி சொன்னதில் தெரியாத சொற்களைத் தனிப் பட்டியலாகப் போடலாம்.

எந்த வயதுக்கு எது?

* 5–7 வயது: மஞ்சள் காகிதம், பல்லாங்குழி, மாவு உயரம்
* 8–10 வயது: மாவு கிராஃப், நிழல், மீட்டர் ரீடிங், பாட்டி பேட்டி
* 11–14 வயது: தாயக்கட்டை நிகழ்தகவு, ஈபி கணக்கு, ஊர் விட்டு ஊர் நிழல் ஒப்பீடு

'நேரமே இல்லையே' என்பவர்களுக்கு?

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதுதான் நிஜமான பிரச்சினை. பொருள் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். நேரம்தான் விலை. அதனால் பெற்றோர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டிய வேலையை ஒரு நாளைக்கு 20 நிமிடமாகச் சுருக்கிக்கொள்வது நல்லது. காலையில் ஆரம்பித்து வைப்பதற்கு 5 நிமிடம், ராத்திரி நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்க 15 நிமிடம். நடுவில் அளப்பதும் குறிப்பதும் பிள்ளையின் வேலை. வாரத்துக்கு மூன்று நாள் நடந்தால்கூட லாபம்தான்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு.

* பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோரே செய்து முடிப்பது. ஹாலிடே ஹோம்வொர்க் மாடலைக் கடையில் வாங்குவதும் இதில் சேர்த்தி.
* பரிசோதனை வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு விடுவது.
* 'எனக்கும் மேத்ஸ் வராது, உனக்கும் வராது' என்று பிள்ளை முன்னால் சொல்வது.
* யூகம் தப்பானால் திட்டுவது. தப்பான யூகம்தான் அடுத்த கேள்வியைக் கொண்டுவரும்.

சும்மா இருக்கும் நேரத்தையும் விட்டுவைக்க வேண்டும். லீவு என்பது லீவுதான். போரடிக்கிறது என்று முனகும் பிள்ளைதான் கொஞ்ச நேரம் கழித்து அட்டைப்பெட்டியில் பஸ் செய்ய ஆரம்பிக்கும்.

எல்லாம் பெற்றோர் தலையிலா?

இந்த ஆறு விளையாட்டுக்கும் ஒரு பெரியவர் வேண்டும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். காலை 6 மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்பும் வீட்டில், அந்தப் பெரியவர் யார்? தீப்பெட்டியும் மஞ்சளும் எல்லா வீட்டிலும் உண்டு. சாயந்திரம் உட்கார்ந்து பேசும் ஆள் எல்லா வீட்டிலும் இல்லை. இடைவெளி உருவாகும் இடம் அதுதான்.

அதற்கான விடை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், தெருவிலேயே இருக்கும் தன்னார்வலரை மாலையில் பிள்ளைகளோடு உட்கார வைத்தது. ஒரு தெருவில் ஒரு அக்கா போதும் என்று அது காட்டியது. கோடையில் இந்த மாதிரி ஏற்பாடு இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. நூலகங்களும் அப்படித்தான். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. பெரிய ஊருக்கு வர முடியாதவர்களுக்கு உள்ளூர்க் கிளை நூலகம் இருக்கிறது. அங்கே மே மாதம் முழுக்கப் பிள்ளைகள் உட்கார ஃபேனும், தண்ணீரும், அவர்களே எடுத்துப் படிக்கப் புத்தகமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபுளோரிடாவில் செய்ததும் கிட்டத்தட்ட அதைத்தான்.

அதுவரை அபார்ட்மென்ட்டிலோ தெருவிலோ நாலு வீடு சேர்ந்தால் ஒரு வழி பிறக்கும். திங்கள் ஒரு வீட்டில் மாவு, புதன் இன்னொரு வீட்டில் தாயம், சனிக்கிழமை மாடியில் நிழல். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் ஒரு நாள்தான் பொறுப்பு. வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளையும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

இன்றைக்கே ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு: ராத்திரி மாவு அரைத்ததும் ஒரு டம்ளரில் ஊற்றி, ரப்பர் பேண்ட் மாட்டி, பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காலையில இது எவ்வளவு ஏறியிருக்கும்?"

மறுநாள் காலை அந்த வீட்டில் முதலில் எழுந்து, போனைத் தேடாமல் கிச்சனுக்கு ஓடுவது யார் என்று பாருங்கள்.